வேலை தேடுறவங்க நௌக்ரி பக்கம் ஏன் போறாங்க: ஒரு நிகழ்வு ஆய்வு

வேலை தேடுற சைட்டுக்கு ஒருத்தரை இழுத்துட்டு வர்றது எது, வந்தவரை அங்கேயே இருக்க வைக்கிறது எது, ஒருநாள் வெறுத்துப்போய் ஆப்பை டெலீட் பண்ண வைக்கிறது எது. எம்பிஏ படிக்கிற பசங்க வருஷா வருஷம் ப்ராஜெக்டுக்கு எடுக்குற தலைப்பு இது. நான் சென்னையில ரெக்ரூட்மென்ட் வேலையில (கம்பெனிகளுக்கு ஆள் தேடிக் குடுக்குறது) இருந்ததால அந்தக் கேள்வித்தாள் என்கிட்டயும் வந்துக்கிட்டே இருக்கும். "இணையதளம் பயன்படுத்த எளிதாக உள்ளது"ன்னு ஒரு வரி, பக்கத்துல 1-ல இருந்து 5 வரைக்கும் கட்டம், டிக் அடிக்கணும். கடைசியில எளிமையும் பயனும்தான் முக்கியக் காரணம்னு முடிவு எழுதிடுவாங்க. அது தப்புன்னு நான் சொல்லல, ஆனா வேலை தேடுறவங்க மனசுல உண்மையில ஓடுற விஷயத்துல பாதி அதுல வரவே மாட்டேங்குது.

நான் பாத்த வரைக்கும் ரெண்டு விஷயம்தான் பெருசு. ஒண்ணு, யாருக்கும் தெரியாம தேட முடியுறது. இன்னொண்ணு, நாம விண்ணப்பிச்சதுக்கு அந்தப் பக்கத்துல இருந்து ஒரு ஃபோன் கால் வருதா இல்லையாங்கிறது. சைட்டு அழகா இருக்கு, ஃபாஸ்டா இருக்குங்கிறது எல்லாம் இதுக்கு அப்புறம்தான். இதை நௌக்ரி டாட் காம்ங்கிற வேலை தேடுற சைட்டை ஒரு கேஸா எடுத்துக்கிட்டு பாக்கலாம்னு இருக்கேன், ஏன்னா இந்தியாவுல இணையத்துல வேலை தேடுற பழக்கம் எப்படி வளர்ந்துச்சுன்னு பாக்க அதைவிட பொருத்தமான ஒண்ணு இல்ல.

சைட்டு வர்றதுக்கு முன்னால

முதல்ல அதுக்கு முன்னால என்ன இருந்துச்சுன்னு பாக்கணும், இல்லன்னா ஜனங்க எதை விட்டுட்டு இங்க வந்தாங்கன்னு புரியாது. தமிழ்நாட்டுல பத்தாவது முடிச்சா வேலைவாய்ப்பு அலுவலகத்துல பதிஞ்சே ஆகணும், அப்புறம் பன்னெண்டாவது, அப்புறம் டிகிரி, ஒவ்வொண்ணுக்கும் போய் கார்டுல ஏத்தணும், மூணு வருஷத்துக்கு ஒருதடவை புதுப்பிக்கணும். புதுப்பிக்க மறந்தா சீனியாரிட்டி போச்சு, அப்புறம் அரசாங்கம் எப்பவாவது சலுகை ஆணை போடும், அதுக்குக் காத்திருக்கணும். காலியிடத்தை வேலைவாய்ப்பு அலுவலகத்துக்குக் கட்டாயம் தெரியப்படுத்தணும்னு 1959-லயே சட்டம் வந்துச்சு, ஆனா அந்த வழியா வந்த ஆளைத்தான் எடுக்கணும்னு அந்தச் சட்டம் சொல்லல. அரசு வேலைக்குக் கூட அலுவலகத்துல இருந்து வர்ற பட்டியல் மட்டும் போதாது, பேப்பர்லயும் விளம்பரம் குடுத்து எல்லாரையும் பாக்கணும்னு 1996-ல சுப்ரீம் கோர்ட்டு ஒரு ஆந்திர வழக்குல சொல்லிடுச்சு. தனியார் கம்பெனிக்கு அந்த கார்டு எந்த விதத்துலயும் உதவல. ஆனாலும் வீட்டுல பெரியவங்க அதைப் பத்திரமா பீரோவுல வச்சிருப்பாங்க.

தனியார் வேலைன்னா பேப்பர்தான். இங்கிலீஷ் பேப்பர்ல புதன்கிழமை வர்ற வேலைவாய்ப்பு இணைப்புக்காக திருவல்லிக்கேணி மேன்ஷன்ல ஒரு காப்பியை எட்டுப் பேரு மாத்தி மாத்திப் படிப்பாங்க. அதுல பேனாவால வட்டம் போட்டு, பயோடேட்டாவை ஜெராக்ஸ் எடுத்து, போட்டோ ஒட்டி, கவர்ல போட்டு அனுப்பணும், ஒவ்வொண்ணுக்கும் செலவு. பதில் வருமா வராதான்னே தெரியாது, அட்ரஸ் வெறும் பாக்ஸ் நம்பரா இருந்தா எந்தக் கம்பெனிக்கு அனுப்புறோம்னுகூட தெரியாது. அதையும் விட்டா சிபாரிசு. மாமாவுக்குத் தெரிஞ்சவரு, அப்பாவோட பழைய மேனேஜரு, ஊர்க்காரரு ஒருத்தரு அம்பத்தூர்ல யூனிட் வச்சிருக்காரு, இப்படி. யாருக்கு ஆள் இருந்துச்சோ அவங்களுக்கு வேலை சீக்கிரம் அமைஞ்சுச்சு, ஆள் இல்லாதவங்க மேன்ஷன்ல இன்னும் ஒரு மாசம் வாடகை குடுத்துக்கிட்டு இருந்தாங்க.

நௌக்ரி எப்படி ஆரம்பிச்சுச்சு

சஞ்சீவ் பிக்சந்தானிங்கிறவரு ஐஐஎம் அகமதாபாத்துல படிச்சுட்டு ஹார்லிக்ஸ் விக்கிற கம்பெனியில மார்க்கெட்டிங்ல இருந்தாரு. ஆபீஸ் ஓப்பன் ஹாலு, பிசினஸ் இந்தியா பத்திரிகை வந்து விழுந்ததும் கூட வேலை பாக்குறவங்க எல்லாரும் பின்பக்கத்துல இருந்து புரட்டுவாங்களாம், ஏன்னா வேலை விளம்பரம் எல்லாம் பின்னாலதான் இருக்கும். அவரு பல பேட்டியில சொன்ன கதைதான் இது. நாம கவனிக்க வேண்டியது என்னன்னா, அங்க இருந்தவங்க யாரும் வேலையில்லாதவங்க இல்ல. நல்ல கம்பெனி, நல்ல சம்பளம், வேலையை விடணும்னு முடிவும் பண்ணல, ஆனா வெளியில நம்ம மதிப்பு என்ன, நம்மள மாதிரி ஆளுக்கு எவ்வளவு குடுக்குறான்னு பாத்துக்கிட்டே இருந்தாங்க. இணையத்துல வேலை தேடுற பழக்கத்துக்கு விதை அங்கதான் இருக்கு. வேலை தேடுறவர்னா சும்மா வீட்டுல இருக்கிறவர்னு நெனச்சு ஆய்வு பண்ணா பெரிய கூட்டத்தையே விட்டுடுவோம்.

வேலையை விட்டுட்டு சொந்தமா ஆரம்பிச்சாரு, கொஞ்ச வருஷம் சின்னச் சின்ன ரிசர்ச் ரிப்போர்ட் எல்லாம் வித்தாரு. 1996-ல டெல்லியில நடந்த ஐடி ஆசியா கண்காட்சியில ஒரு ஸ்டால்ல இணையத்தைப் பாக்குறாரு. இந்தியாவுல அரசாங்கக் கம்பெனியான விஎஸ்என்எல் பொதுமக்களுக்கு இணையம் குடுக்க ஆரம்பிச்சதே 1995 ஆகஸ்ட் 15-லதான், அதனால கனெக்‌ஷன் வச்சிருந்தவங்க நாடு முழுக்க ரொம்பக் கொஞ்சம் பேருதான். இங்க சர்வர் வசதி கிடையாது, அமெரிக்காவுல பேராசிரியரா இருந்த அண்ணன் மூலமா அங்க வாடகைக்கு எடுத்தாரு. 29 பேப்பரை வாங்கி அதுல இருந்த வேலை விளம்பரத்தை எல்லாம் தட்டச்சு பண்ணி, ஆயிரம் வேலையோட 1997-ல சைட்டைத் தொறந்தாங்க.

கம்பெனி எதுவும் வந்து விளம்பரம் குடுக்கல, இவங்களே பேப்பர்ல இருந்து எடுத்துப் போட்டாங்க, அந்த வேலை எல்லாம் ஏற்கெனவே வெளியில இருந்ததுதான். ஆனாலும் ஆளுங்க வந்தாங்க. ஏன் வந்தாங்க? ஒரே எடத்துல இருந்துச்சு, தேடிப் பாக்க முடிஞ்சுச்சு, காசு இல்ல. மதுரையில உக்காந்துக்கிட்டு ஒருத்தர் மும்பைப் பேப்பர்ல வந்த விளம்பரத்தைப் பாக்கலாம்ங்கிறது அன்னைக்கு எவ்வளவு பெரிய விஷயம்னு இப்ப இருபது வயசுல இருக்கிற பசங்களுக்குச் சொல்லிப் புரிய வைக்கிறது கஷ்டம். ஆள் கூட்டம் வந்ததும் கம்பெனிகள் வந்துச்சு, கம்பெனிகள் வந்ததும் இன்னும் ஆள் வந்தாங்க. 2000-ல ஐசிஐசிஐயோட நிதியில இருந்து 7 கோடி ரூபாய்க்கு மேல முதலீடு வந்துச்சு, அதே வருஷம்தான் சென்னையில டைடல் பார்க்கும் தொறந்தாங்க, ஓஎம்ஆர் முழுக்க ஐடி கம்பெனி முளைக்க ஆரம்பிச்சது. தாய் நிறுவனமான இன்ஃபோ எட்ஜ் 2006-ல பங்குச் சந்தைக்கு வந்துடுச்சு.

அந்தக் காலகட்டத்துல டிவியில அவங்க ஒரு விளம்பரம் போட்டாங்க, பாத்தவங்களுக்கு இன்னும் ஞாபகம் இருக்கும். ஊழியரைப் படுத்தி எடுக்குற ஒரு மேனேஜரு, அவரோட பேரை ஃபோன்ல எழுத்து எழுத்தா சொல்ல வேண்டிய எடத்துல அந்த ஊழியர் ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரு திட்டு வார்த்தையா சொல்லுவாரு. அதுல சைட்டு ஈஸி, நிறைய வேலை இருக்குன்னு எதுவுமே சொல்லல. உன் பாஸ் உன்னை மதிக்கலையா, அவருக்குத் தெரியாம நீ கெளம்பலாம், அவ்வளவுதான். வாடிக்கையாளர் மனசை அவங்க எவ்வளவு சரியா படிச்சு வச்சிருந்தாங்கங்கிறதுக்கு அதைவிட சாட்சி வேண்டாம்.

ஆய்வாளர்கள் என்ன சொல்றாங்க

இந்தத் தலைப்புல எழுதுற எல்லாரும் ஃப்ரெட் டேவிஸ்ங்கிற அமெரிக்க ஆய்வாளர் 1989-ல குடுத்த மாடலைத்தான் எடுப்பாங்க. ஒரு புது டெக்னாலஜியை ஒருத்தர் ஏத்துக்கணும்னா அது தனக்கு உபயோகப்படும்னு அவர் நம்பணும், கஷ்டப்படாம பயன்படுத்த முடியும்னும் நம்பணும், அந்த ரெண்டும்தான் அடிப்படைன்னு அவர் சொன்னாரு. 2003-ல வெங்கடேஷ்ங்கிற ஆய்வாளரும் அவரு கூட இருந்தவங்களும் (டேவிஸும் அதுல உண்டு) அதை விரிவாக்கி, சுத்தி இருக்கிறவங்க என்ன சொல்றாங்கங்கிறதையும், கம்ப்யூட்டர், நெட்டு, உதவிக்கு ஆள் மாதிரி வசதிகள் இருக்காங்கிறதையும் சேத்தாங்க. இது ஆபீஸ்ல புது சாஃப்ட்வேர் வந்தா ஊழியர்கள் ஏத்துக்குவாங்களாங்கிற மாதிரி கேள்விக்காக பொறந்த மாடல். சாஃப்ட்வேர்ல பட்டனை அமுக்குனா வேலை நடக்கும். வேலை தேடுற சைட்டுல பட்டனை அமுக்குறது நம்ம கையில, நடக்குறது இன்னொருத்தர் கையில. அங்கதான் அந்த மாடல் பத்தாம போகுது.

இன்னொரு பக்கம் சமூகவியல் இருக்கு. மார்க் கிரானோவெட்டர்ங்கிற சமூகவியலாளர் 1970-கள்ல அமெரிக்காவுல நியூட்டன்ங்கிற ஊர்ல வேலை மாறின 282 ஆம்பளைங்களை வச்சு பண்ண ஆய்வு. அதுல 56 சதவீதம் பேருக்கு தெரிஞ்சவங்க மூலமாத்தான் வேலை கெடச்சிருக்கு, அதுவும் தினம் பாக்குற நெருங்கின ஃப்ரெண்டு மூலமா கெடச்சதைவிட எப்பவாவது பாக்குற ஆள் மூலமா கெடச்சதுதான் அதிகம். ஏன்னா நெருங்கினவங்களுக்கு நமக்குத் தெரிஞ்சதுதான் தெரியும். 2022-ல லிங்க்ட்இன்ல (தொழில் பழக்கத்துக்கான சமூக வலைத்தளம்) சுமார் 2 கோடி பேரோட தரவை வச்சுப் பாத்தப்பவும் கிட்டத்தட்ட இதே கதைதான் வந்துச்சு, ரொம்ப நெருக்கமும் இல்லாம ரொம்பத் தூரமும் இல்லாம நடுவுல இருக்கிற பழக்கம்தான் வேலைக்கு அதிகமா உதவுது.

இதை நம்ம கேஸோட சேத்துப் பாருங்க. திருவல்லிக்கேணி மேன்ஷன் பையனுக்கு அந்த மாதிரி அரைகுறைப் பழக்கம்கூட கிடையாது. அவனோட அப்பா விவசாயம், சொந்தக்காரங்க எல்லாம் ஊர்ல, காலேஜ் சீனியர்களும் அவனை மாதிரியே தேடிக்கிட்டு இருக்காங்க. சிபாரிசு இல்லாத எடத்தை நிரப்பத்தான் அவன் சைட்டுக்கு வர்றான். அதனாலதான் முதல் தலைமுறையா காலேஜ் முடிச்சவங்க இதை ரொம்ப நம்பி, ரொம்ப நேரம் செலவழிச்சு, ரொம்ப ஏமாந்தும் போறாங்க, அவங்களுக்கு வேற கதவு இல்ல.

சரி, இணையத்துல தேடுனா வேலை சீக்கிரம் கெடைக்குதா? பீட்டர் குன்ங்கிற பொருளாதார ஆய்வாளர் 2004-ல மிகால் ஸ்குடெருடோட சேந்து 1990-களோட கடைசியில எடுத்த அமெரிக்கத் தரவை வச்சு எழுதினப்ப, இல்ல, சீக்கிரம் எல்லாம் கெடைக்கலன்னு வந்துச்சு. அதே ஆளு பத்து வருஷம் கழிச்சு ஹானி மன்சூரோட சேந்து 2005-ல இருந்து 2008 வரைக்கும் உள்ள தரவை வச்சுப் பாத்தப்ப, இணையத்துல தேடினவங்க வேலையில்லாம இருக்கிற காலம் கிட்டத்தட்ட கால்வாசி குறைஞ்சிருந்துச்சு. நடுவுல மாறினது என்ன? கம்பெனிகளும் ஆளுங்களும் பெருவாரியா அங்க வந்து சேந்துட்டாங்க, சைட்டுகளும் தேறிடுச்சு. அந்தப் பக்கம் ஆள் இருந்தாத்தான் இந்தப் பக்கம் உக்காந்திருக்கிறதுக்கு அர்த்தம்.

ரெக்ரூட்டர் ஸ்கிரீன்ல என்ன தெரியுது

இந்த எடத்துல கொஞ்சம் நிதானமா சொல்லணும், ஏன்னா வேலை தேடுறவங்க நிறைய பேரு இதைப் பாத்ததே இல்ல.

நௌக்ரியில கம்பெனிக்காரங்க காசு கட்டி வாங்குறது ரெஸ்டெக்ஸ்னு ஒரு ரெஸ்யூம் கிடங்கு. காலையில ஒரு ரெக்ரூட்டருக்கு வேலை வருது, ஜாவா டெவலப்பர், 3-ல இருந்து 5 வருஷ அனுபவம், சென்னை, இத்தனை லட்சத்துக்குள்ள. அவங்க கீவேர்டு அடிப்பாங்க, அனுபவம் எவ்வளவு முதல் எவ்வளவு வரைக்கும்னு போடுவாங்க, இப்ப வாங்குற சம்பளத்துக்கு ஒரு வரம்பு, நோட்டீஸ் பீரியட் (வேலையை விடுறேன்னு சொன்னப்புறம் இருந்து முடிக்க வேண்டிய நாள்) 15 நாளா ஒரு மாசமா, அப்புறம் கடைசியா எப்ப அந்த ஆள் சைட்டுக்குள்ள வந்தாருங்கிறதுக்கும் ஒரு ஃபில்டர். முதல்ல சில ஆயிரம் ப்ரொஃபைல் வரும். நோட்டீஸ் பீரியடை ஒரு மாசம்னு வச்சதும் பெரிய கூட்டம் கழண்டுக்கும், கடைசி 15 நாள்ல வந்தவங்கன்னு வச்சதும் இன்னும் சுருங்கும். மிச்சம் இருக்கிறதுல முதல் ரெண்டு மூணு பக்கத்தைத்தான் தொறந்து பாப்பாங்க, சாயந்திரத்துக்குள்ள அஞ்சு ப்ரொஃபைல் கிளையன்டுக்கு அனுப்பியாகணும். கீழ இருக்கிறவங்க தகுதி இல்லாதவங்கன்னு யாரும் முடிவு பண்ணல, அவங்களை யாரும் பாக்கல, அவ்வளவுதான்.

இது எப்படியோ கசிஞ்சு வேலை தேடுறவங்க காதுக்குப் போயிடுச்சு. அதனாலதான் காலையில எழுந்ததும் ப்ரொஃபைல் தலைப்புல ஒரு புள்ளியை எடுத்துட்டு சேவ் பண்றது, மறுநாள் அந்தப் புள்ளியைத் திரும்ப வைக்கிறதுன்னு பசங்க செய்றாங்க, சீனியர் ஜூனியருக்குச் சொல்லிக் குடுக்குறான், "டெய்லி அப்டேட் பண்ணுடா, கால் வரும்". ஒருத்தர் தினமும் சைட்டுக்கு வர்றாருன்னு சர்வேயில பதிவாகும், அவரு சைட்டு புடிச்சுப் போயி வரல, வரலைன்னா மறைஞ்சு போயிடுவோம்ங்கிற பயத்துல வர்றாரு. இந்த ரெண்டையும் ஒரே கட்டத்துல டிக் அடிக்க வச்சா என்ன முடிவு வரும் சொல்லுங்க.

இப்ப அந்தப் பக்கம் ஃபோன் அடிக்குது. சாஃப்ட்வேர் கம்பெனியில சீட்டுல உக்காந்திருக்கிற ஆளுக்குத் தெரியாத நம்பர்ல இருந்து கால். "சார், நௌக்ரியில உங்க ப்ரொஃபைல் பாத்தேன், ஜாப் சேஞ்ச் பாக்குறீங்களா, இப்ப பேசலாமா?" அவரு குரலைத் தாழ்த்தி, "மேடம், ஒரு அஞ்சு நிமிஷம், நானே கூப்பிடுறேன்"னு சொல்லிட்டு லிஃப்ட்ல ஏறாம மாடிப்படிக்குப் போவாரு. ஐடி பார்க் மாடிப்படியில மதியம் மூணு மணிக்கு நின்னு பாத்தீங்கன்னா ஒவ்வொரு மாடி நடுவுலயும் ஒருத்தர் சுவத்தைப் பாத்துக்கிட்டு நோட்டீஸ் பீரியட் பேசிக்கிட்டு இருப்பாரு. மேனேஜருக்குத் தெரிஞ்சா அந்த வருஷ சம்பள உயர்வும் போகும், ப்ராஜெக்டும் மாறிடும். அதனாலதான் இப்ப வேலை பாக்குற கம்பெனி தன் ப்ரொஃபைலைப் பாக்க முடியாதபடி பிளாக் பண்ற வசதி அந்த சைட்டுல இருக்கு. சிபாரிசுல வேலை தேடுனா நாலு பேருக்குச் சொல்லணும், அதுல ஒருத்தர் வாய் தவறி சொல்லிடுவாரு. பேப்பர்ல பாத்து லீவு போட்டு இன்டர்வியூ போறதும் வெளிய தெரிஞ்சுடும். சைட்டுல அந்த பயம் குறைவு.

வேலையில்லாம வீட்டுல இருக்கிறவங்களுக்கும் இந்த மறைவு முக்கியம், அவங்க மறைஞ்சுக்கிறது மேனேஜர்கிட்ட இருந்து இல்ல, சொந்தக்காரங்ககிட்ட இருந்து. "என்ன தம்பி, ஏதாவது அமைஞ்சுச்சா?"ன்னு ஒரு கல்யாண வீட்டுல பத்துப் பேரு கேப்பாங்க, அதுக்குப் பயந்தே விசேஷத்துக்குப் போகாத பசங்களை எனக்குத் தெரியும். சித்தப்பாகிட்ட போய் வேலை கேட்டா அது குடும்பம் முழுக்க பரவும், கெடைக்கலைன்னா அவமானம், கெடச்சா வாழ்நாள் முழுக்க கடன். ராத்திரி பதினோரு மணிக்கு போர்வைக்குள்ள ஃபோனை வச்சுக்கிட்டு இருபது கம்பெனிக்கு அப்ளை பண்ணா யாருக்கும் எந்தக் கடனும் இல்ல. ஆய்வுல எல்லாம் இதை 'வசதி'ன்னு ஒரே வார்த்தையில எழுதிடறாங்க. இது மானம் சம்பந்தப்பட்ட விஷயம்ங்க.

கால் வராத நாட்கள்

இப்பதான் படிப்பு முடிச்ச ஒரு ஃப்ரெஷர் கதை எப்படிப் போகும்னு பாத்துக்கிட்டே இருந்திருக்கேன். மெக்கானிக்கல் முடிச்ச பையன், அரியர் எல்லாம் க்ளியர் பண்ணிட்டு சென்னைக்கு வர்றான், ப்ரொஃபைல் போடுறான், முதல் வாரம் நாளுக்கு மூணு நேரம் உள்ள போயி பாப்பான். வேலைப் பொருத்தம்னு வர்ற மெயில்ல பாதி டெலிகாலிங், இன்சூரன்ஸ் விக்கிறது. டிசைன் வேலைக்கு அப்ளை பண்ணா அதே வேலைக்கு ஆயிரக்கணக்குல அப்ளை பண்ணியிருக்காங்கன்னு அங்கேயே காட்டும். ஒரு கால் வந்துச்சுன்னா அடுத்த ஒரு மாசத்துக்கு அவன் அந்த சைட்டை நம்புவான், வேலை கெடைக்கலைன்னாலும் சரி, யாரோ நம்மளைப் பாத்தாங்கங்கிற ஒண்ணு போதும். ரெண்டு மாசம் ஒரு கால்கூட வரலைன்னா ஆப் ஃபோன்ல இருக்கும், தொறக்க மாட்டான். நீங்க தேர்வாகலைன்னு ஒரு மெயில் அனுப்புனாகூட அவன் அடுத்ததைப் பாக்கப் போயிடுவான், அதைக்கூட பெரும்பாலான கம்பெனி அனுப்புறதில்ல, எனக்கு இந்தத் தொழில்ல ரொம்ப வருத்தமான விஷயம் அதுதான்.

நாப்பது வயசைத் தாண்டினவங்களுக்கு வேற சிக்கல். அனுபவ ஃபில்டரை 5-ல இருந்து 10-ன்னு வச்சா பதினெட்டு வருஷ அனுபவக்காரரு ஸ்கிரீன்லயே வர மாட்டாரு. அவங்க கொஞ்ச நாள் பாத்துட்டு பழைய சகாக்களுக்கு ஃபோன் பண்ண ஆரம்பிச்சுடுவாங்க, லிங்க்ட்இன் பக்கம் போவாங்க. சைட்டை விட்டுப் போறவங்க எல்லாரும் டெக்னாலஜி தெரியாதவங்கன்னு எழுதுற ஆய்வைப் பாத்தா எனக்குக் கோவம் வரும்.

பொண்ணுங்க விஷயத்துல காரணங்களோட வரிசையே மாறுது. குழந்தை பொறந்து நாலு வருஷம் இடைவெளி விட்டவங்க தேடும்போது சம்பளத்துக்கு முன்னால எடத்தைப் பாப்பாங்க, வீட்டுல இருந்து ஒரு பஸ்ல போயிட்டு ஆறு மணிக்குள்ள திரும்ப முடியுமான்னு. எடம், ஷிப்ட், வீட்டுல இருந்து வேலைங்கிற ஃபில்டருக்காகவே சைட்டுக்கு வர்றாங்க, 2020 கொரோனாவுக்கு அப்புறம் இது இன்னும் அதிகம். ஆனா ரெஸ்யூம்ல இருக்கிற நம்பர் யாரு யாரு கைக்கோ போகுது. வேலைன்னு ஆரம்பிச்சு ராத்திரி பத்து மணிக்கு வாட்ஸ்அப்ல 'ஹாய்' அனுப்புற ஆளுங்களும் இருக்காங்க. அதனால அப்பா நம்பர், அண்ணன் நம்பர் போடுற பொண்ணுங்க இருக்காங்க, கால் வந்தா அவங்க எடுத்துப் பேசி, ரெக்ரூட்டர் குழம்பி, வாய்ப்பே போயிடும். பாதுகாப்புங்கிறது பொண்ணுங்களுக்கு கூடுதல் வசதி இல்ல, பயன்படுத்தலாமா வேண்டாமாங்கிறதையே முடிவு பண்ற விஷயம்.

சைட்டுக்கே வராதவங்க

காலேஜ் கிளாஸ்ரூம்ல கேள்வித்தாள் குடுத்து பண்ற ஆய்வுல இவங்க வரவே மாட்டாங்க. திருப்பூர்ல போய் பாருங்க, கம்பெனி கேட்டுலயும் கரண்ட் கம்பத்துலயும் "டெய்லர், செக்கிங், கைமடி ஆட்கள் தேவை"ன்னு நம்பரோட போர்டு தொங்கும். பவர் டேபிள் (கரண்ட்ல ஓடுற தையல் மெஷின்) ஓட்டுறவருக்கு ரெஸ்யூம் எதுக்கு? கூட தச்சவரு இன்னைக்கு எந்தக் கம்பெனியில பீஸ் ரேட்டு எவ்வளவுன்னு சாயந்திரம் டீக்கடையிலயே சொல்லிடுவாரு, மெஷின்ல உக்காந்து அரை மணி நேரம் தச்சுக் காமிச்சா வேலை. அங்க டேவிஸ் மாடலும் கிடையாது, ஃபில்டரும் கிடையாது, தகவல் நேரா கைக்கு வருது, அதனால சைட்டு தேவைப்படல.

2016-ல ஜியோ வந்து டேட்டா வெலை விழுந்ததும் இந்தக் கூட்டத்துக்கும் ஃபோன்ல நெட்டு வந்துடுச்சு. 2019-ல ஆரம்பிச்ச அப்னா மாதிரி ஆப்கள் டெலிவரி, டிரைவர், கடை விற்பனை, பேக்கிங் வேலைக்கு ஆள் தேடுறவங்களை குறி வச்சு வந்துச்சு. அங்க நீளமான ரெஸ்யூம் கேக்குறதில்ல, சின்ன விவரம் போட்டா போதும், கம்பெனியில ஆள் எடுக்குற எச்ஆருக்கு நேரா ஃபோன் போடலாம். பட்டனை அமுக்கிட்டுக் காத்திருக்க வேண்டாம், நாமளே கூப்பிட்டுக் கேக்கலாம்ங்கிறதுதான் அங்க இழுப்பு. கால் வர்றதுதான் முக்கியம்னு நான் சொன்னதுக்கு இது நல்ல சான்று, அந்தக் காத்திருப்பை எடுத்துவிட்டதாலேயே ரெஸ்யூம்னா என்னன்னு கேட்ட ஆளுங்ககூட உள்ள வந்தாங்க.

அரசாங்கமும் சும்மா இல்ல. 2015-ல மத்திய அரசு தேசிய வேலைவாய்ப்பு சேவைன்னு இணையதளம் ஆரம்பிச்சாங்க, 2020-ல தமிழ்நாடு அரசு தனியார் துறை வேலைக்குன்னே ஒரு தளம் தொறந்தாங்க. ரெண்டுமே இலவசம், ரெண்டுலயும் கம்பெனிகள் பதிஞ்சிருக்கு. ஆனாலும் கிராமத்துப் பிள்ளைங்க தளத்துல தேடுறதைவிட மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகத்துல வெள்ளிக்கிழமை நடக்குற முகாமுக்கு அம்மாவையும் கூட்டிக்கிட்டு நேர்ல வந்துடறாங்க. அங்க எதிர்ல ஒரு மனுஷன் உக்காந்து பதில் சொல்றாரு. ஆமா, இல்ல, ரெண்டுல ஒண்ணு அன்னைக்கே தெரிஞ்சுடும்.

நம்பிக்கை போற எடம்

பயன்பாட்டைக் குறைக்கிறதுல மோசடியை மாதிரி எதுவும் இல்ல. ஒருத்தர் ஏமாந்தா அவரோட தெரு முழுக்க அந்த வழியை மூடிடும். சைட்டுல போட்ட ரெஸ்யூம்ல இருந்து நம்பரை எடுத்து, பெரிய கம்பெனி பேருல ஆஃபர் லெட்டர் தயார் பண்ணி, ரெஜிஸ்ட்ரேஷனுக்கு 2,500, லேப்டாப் டெபாசிட் 8,000-ன்னு கேக்குறது ரொம்ப நாளா நடக்குது. இதுல ஒண்ணை மட்டும் மனசுல வச்சுக்கிட்டா போதும், நேர்மையான கம்பெனி வேலை குடுக்க ஆள்கிட்ட காசு வாங்காது. ரெஸ்யூம் எழுதிக் குடுக்குறது, ப்ரொஃபைலை மேல காட்டுறதுன்னு சைட்டுகள் விக்கிற காசு சேவை வேற, வேலைக்குக் காசு கேக்குறது வேற, ரெண்டையும் கலந்துக்கக் கூடாது.

வெளிநாட்டு வேலைன்னா இன்னும் ஆபத்து. தாய்லாந்துல டேட்டா என்ட்ரி, டிஜிட்டல் மார்க்கெட்டிங்னு சோஷியல் மீடியா விளம்பரத்தையும் ஏஜென்டையும் நம்பிப் போனவங்களை எல்லை தாண்டி மியான்மர்ல மியாவடிக்குக் கொண்டுபோய் அடிச்சு சைபர் மோசடி வேலை பாக்க வச்சது 2022-ல வெளிய வந்துச்சு, தமிழ்நாட்டுப் பசங்களும் அதுல மாட்டி மீண்டு வந்தாங்க. வெளியுறவுத் துறையும் அப்ப எச்சரிக்கை விட்டாங்க. வெளிநாட்டுக்கு ஆள் அனுப்புற ஏஜென்ட் 1983-ம் வருஷ குடிபெயர்வுச் சட்டப்படி பதிவு பண்ணியிருக்கணும், அரசாங்கத்தோட இமைகிரேட் (eMigrate) தளத்துல அவங்க பேரு இருக்கான்னு யாரு வேணாலும் பாக்கலாம், சேவைக் கட்டணம் 30,000 ரூபாயும் ஜிஎஸ்டியும் தவிர அதுக்கு மேல வாங்கக் கூடாது. பாஸ்போர்ட்டை எடுத்து வைக்கிறதுக்கு முன்னால இதை ஒரு பத்து நிமிஷம் பாத்துடுங்க, தெரிஞ்ச பிள்ளைங்களுக்கும் சொல்லுங்க.

அடுத்து இந்தத் தலைப்பை எடுக்குற பசங்களுக்கு ஒரு வேண்டுகோள். கேள்வித்தாள்ல எளிமை, பயன் பத்தி நாலு கேள்வி இருக்கட்டும். அதோட கடைசி மூணு மாசத்துல உங்களுக்கு எத்தனை கால் வந்துச்சு, நீங்க தேடுறது யாருக்குத் தெரியக் கூடாது, உங்களுக்கு சிபாரிசு பண்ண ஆள் இருக்கா, ரெஸ்யூம்ல யாரு நம்பர் போட்டிருக்கீங்க, எப்ப கடைசியா ஆப்பைத் தொறந்தீங்க, இதையும் கேளுங்க. கிளாஸ்ரூம்ல மட்டும் கேக்காதீங்க, வெள்ளிக்கிழமை முகாமுக்கு வந்த அம்மாகிட்ட கேளுங்க, திருப்பூர் கேட்டுக்கு வெளிய நிக்கிறவர்கிட்ட கேளுங்க, ஆப்பை டெலீட் பண்ணவர்கிட்ட கட்டாயம் கேளுங்க.